உண்மை வழிபாடும் நேரிய வாழ்வும்



திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அதில் தண்ணீர் இருப்பதில்லை. மணலும் சீமைக்கருவேல மரங்களுமே கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை நன்றாகப் பெய்தால் சில நாட்களுக்கு வெள்ளம் ஓடும். மக்கள் கரையில் நின்று மகிழ்ச்சியோடு பார்ப்பார்கள். பிறகு ஆறு மீண்டும் மணலாகிவிடும்.

இறைவாக்கினர் ஆமோஸ் இப்படிப்பட்ட ஒரு வறண்ட பகுதியிலிருந்து வந்தவர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், பெத்லகேமுக்குத் தெற்கே பாலைநிலத்தின் விளிம்பில் இருந்த தெக்கோவா அவருடைய ஊர். ஆடுமாடு மேய்த்தும் காட்டு அத்தி மரங்களைப் பராமரித்தும் வாழ்ந்தவர் (ஆமோ 1:1; 7:14). மழைக்காலத்தில் மட்டும் ஓடி வற்றிப் போகும் ஓடைகளை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஆகவேதான் மக்களின் திருவிழாக்களையும் எரிபலிகளையும் பாடல்களையும் ஆண்டவர் ஏற்கவில்லை என்று சொன்ன கையோடு, அவர் எதிர்பார்ப்பது எந்நாளும் வற்றாமல் ஓடும் நீரைப் போன்ற நீதியையும் நேர்மையையும் என்று அறிவித்தார் (ஆமோ 5:21-24). தண்ணீர் வற்றாத ஆறு என்றால் என்ன என்பது வறண்ட நிலத்தில் வாழ்பவனுக்குத்தான் நன்றாகப் புரியும். நமக்கும் அது புரிய வேண்டும்.

கொடியேற்றம், நவநாள், சப்பரப் பவனி, அசன விருந்து ஆகியவற்றில் நமது பக்தி வெள்ளமாகப் பெருகுகிறது. அதில் தவறில்லை. அந்த வெள்ளம் வடிந்த பின் நமது அன்றாட வாழ்வில் ஈரம் இருக்கிறதா என்பதே நாம் இங்கே சிந்திக்க வேண்டிய கேள்வி.

இறைவாக்கினர்கள் வழிபாட்டை வெறுத்தார்களா?

இறைவாக்கினர்களின் கடுமையான சொற்களைக் கேட்கும்போது, கோவிலுக்குப் போவதே தேவையில்லை என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். நல்லவனாக இருந்தால் போதும், பூசை எதற்கு என்று கேட்கிறார்கள். இது இறைவாக்கினர்களின் கருத்தன்று. பலிகளையும் சபைக் கூட்டங்களையும் கண்டித்த எசாயா (எசா 1:11-17), தாம் அழைக்கப்பட்ட காட்சியைக் கோவிலிலேயே கண்டார் (எசா 6). கோவில் வாயிலில் நின்றுகொண்டு, 'இது ஆண்டவரின் இல்லம்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாழாதீர்கள் என்று எச்சரித்த எரேமியா (எரே 7:1-11) ஒரு குருவின் குடும்பத்தில் பிறந்தவர்.

அவர்கள் கண்டித்தது ஒன்றைத்தான். மற்றவனிடமிருந்து பறித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கையைச் செபத்துக்கு உயர்த்துவதை அவர்கள் கண்டித்தார்கள். நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகிறவர்களைப் பற்றி எசாயா நூல் பேசுகிறது (எசா 58:3). பசித்தவனோடு உணவைப் பகிர்கிறவனுக்கு அதே அதிகாரம் ஒரு வாக்குறுதியும் தருகிறது. வறண்ட காலத்திலும் அவன் நீர் பாய்ந்த தோட்டத்தைப் போல் இருப்பான் என்கிறது (எசா 58:11). மழைக்காகச் செபிக்கும் நாம், அந்த வாக்குறுதியோடு சேர்த்து அதன் நிபந்தனையையும் வாசிக்க வேண்டும்.

நம் ஆண்டவரும் இதே வழியில் நின்றார். சமாரியப் பெண்ணிடம், தந்தையை ஆவியிலும் உண்மையிலும் வழிபடுவோரைப் பற்றிப் பேசினார் (யோவா 4:23-24). அந்த உரையாடலுக்குச் சற்று முன்புதான் அவர் அப்பெண்ணின் குடும்ப வாழ்வைப் பற்றிய உண்மையை அவர்முன் வைத்திருந்தார் (4:16-18). எந்த மலையில் வழிபடுவது என்ற கேள்விக்கு விடை வருமுன், வழிபடுகிறவரின் வாழ்வு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது

பழைய ஏற்பாட்டின் பலிச் சட்டங்களிலேயே ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. ஒருவர் அடுத்தவரை ஏமாற்றியோ பறித்தோ பொருள் சேர்த்திருந்தால், முதலில் அந்தப் பொருளை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். அதன் பிறகே குற்றம் நீக்கும் பலிக்கான ஆட்டுக்கடாவைக் குருவிடம் கொண்டு வரலாம் (லேவி 6:1-7). ஆடு கொடுத்ததால் கடன் தீர்ந்துவிடாது. கடனைத் தீர்த்தவனுடைய ஆடுதான் பலியாகும்.

மலைப்பொழிவில் இயேசு இதே ஒழுங்கை எடுத்துச் சொல்கிறார் (மத் 5:23-24). காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது, சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு கொள்ளச் சொல்கிறார். இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நமக்கு அவன்மேல் உள்ள கோபத்தைப் பற்றி இயேசு இவ்விடத்தில் பேசவில்லை. அவனுக்கு நம்மேல் உள்ள குறையைப் பற்றியே பேசுகிறார். "எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, சாமி" என்று சொல்வது எளிது. நம்மால் வருந்துகிறவர்கள் யார் என்று கேட்பதே கடினமானது.

இரண்டாவது, இதைக் கேட்டவர்கள் கலிலேயர்கள். பலிபீடம் இருந்த எருசலேமுக்கும் அவர்களுடைய ஊர்களுக்கும் இடையே சில நாள் நடைப் பயணம். பலிபீடத்திலிருந்து ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மீண்டும் வருவதென்றால் எத்தனை நாட்கள் ஆகும் என்பதை அவர்கள் உடனே கணக்கிட்டிருப்பார்கள். அவ்வளவு நாளும் காணிக்கை காத்திருக்கலாம், சகோதரன் காத்திருக்கக் கூடாது என்பதே ஆண்டவரின் கருத்து.

தொடக்கத் திருச்சபை இதை ஓர் அறிவுரையாக மட்டும் விட்டுவிடவில்லை. 'திதாக்கே' எனப்படும் மிகப் பழமையான கிறிஸ்தவ நூலின் 14-ஆம் பகுதி, அயலானோடு பகை கொண்டவர் ஒப்புரவாகும்வரை ஞாயிறு நற்கருணைக் கூட்டத்தில் சேரலாகாது என்று விதிக்கிறது. கொரிந்து நகரில் வசதி படைத்தவர்கள் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் நடப்பது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்று புனித பவுல் எழுதினார் (1 கொரி 11:20-22).

ஓரியூர் நமக்குச் சொல்வது

நாம் வாழும் இந்தப் பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. அந்த இராமநாதபுரச் சீமையில்தான் புனித அருளானந்தர் உயிர் கொடுத்தார். அவர் இறந்த காரணத்தை நாம் சரியாக நினைவில் வைத்திருக்கிறோமா?

ஜான் தெ பிரிட்டோ 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்து, இயேசு சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, பண்டார சாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். பின்னர் விடுதலையாகி, சபையின் பணிக்காக ஐரோப்பா சென்றார். அங்கேயே தங்கிவிட வாய்ப்பு இருந்தும் 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அந்நாளில் தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் கடும் நோயுற்றார். கிறிஸ்தவர்களின் செபத்தால் நலம் பெற்ற அவர் திருமுழுக்குக் கேட்டார். செல்வாக்கு மிக்க ஒருவர் தாமாகவே வந்து கேட்கிறார். அவரைச் சேர்த்துக்கொண்டால் இன்னல்பட்ட கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கும். ஆனால் அவருக்குப் பல மனைவியர் இருந்தனர். ஒருவரோடு மட்டுமே இனி வாழ்வதாக முடிவெடுத்தால் மட்டுமே திருமுழுக்கு என்று அருளானந்தர் கூறிவிட்டார். தடியத்தேவர் அதை ஏற்றார். முதல் மனைவியோடு வாழ்வதாகவும், மற்றவர்களைச் சகோதரிகளாக மதித்து ஆதரிப்பதாகவும் அவர் முடிவு செய்தார் என்று வரலாறு கூறுகிறது. 1693 சனவரியில், திருக்காட்சித் திருநாளையொட்டி, அவர் திருமுழுக்குப் பெற்றார்.

மனைவியரில் இளையவர் கிழவன் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் அரண்மனைக்குச் சென்று முறையிட்டார். அருளானந்தர் கைது செய்யப்பட்டு, ஓரியூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று திருநீற்றுப் புதன். 1947 சூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இந்த வரலாற்றில் ஒரு வேதனையும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. விலக்கப்பட்ட பெண்களின் துயரம் உண்மையானது. முறை தவறிய ஒரு வாழ்வைச் சரிசெய்யும்போது தவறு செய்யாதவர்களும் காயப்படுகிறார்கள். ஆகவேதான் அவர்களை ஆதரிப்பதும் மனமாற்றத்தின் ஒரு பகுதியாகிறது. கைவிட்டுவிட்டுக் கோவிலுக்கு வருவது மனமாற்றம் ஆகாது.

அருளானந்தர் நினைத்திருந்தால், "முதலில் திருமுழுக்குப் பெறட்டும், வாழ்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் அந்த ஆண்டு கொல்லப்பட்டிருக்க மாட்டார். வழிபாட்டையும் வாழ்வையும் பிரிக்க மறுத்ததற்கு அவர் கொடுத்த விலைதான் ஓரியூர். அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்ளும் நாம் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நமது வயலிலும் தறியிலும்

நமது பகுதி மக்கள் மானாவாரி நிலத்தையும் தறியையும் கூலி வேலையையும் நம்பி வாழ்கிறவர்கள். எனவே நமது நேர்மை எந்த இடங்களில் சோதிக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகப் பார்ப்போம்.

கூலி: அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர், கரிமூட்டத்துக்குக் கருவேல மரம் வெட்டுகிறவர், பருத்தி எடுக்கும் பெண், மிளகாய் பறிக்கும் பெண் ஆகியோர் அன்றன்று கூலி வாங்கினால்தான் அன்றன்று அடுப்பு எரியும். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது திருச்சட்டம் (இச 24:14-15). கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்கிறார் யாக்கோபு (யாக் 5:4). "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சனிக்கிழமை மாலையில் சொன்னவர், ஞாயிறு காலையில் முதல் வரிசையில் நின்றால், அந்தக் கூக்குரலும் அவரோடு கோவிலுக்குள் வருகிறது.

முன்பணம்: குழந்தையின் மருத்துவத்துக்கும் மகளின் திருமணத்துக்கும் முன்பணம் வாங்கியவரை, அதைக் காட்டியே குறைந்த கூலிக்கு ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டின் பிணைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அது இறைவன் முன்னிலையிலும் பாவம். வேறு வழியில்லாதவரிடம் வாங்கும் கடும் வட்டியும் இதே வகையைச் சேர்ந்ததே.

நிலமும் நீரும்: ஒவ்வோர் உழவிலும் வரப்பை ஒரு சாண் நகர்த்துகிறவரைப் பற்றி விவிலியம் மிகக் கடுமையாகப் பேசுகிறது (இச 27:17). கண்மாய்க்கு நீர் வரும் ஓடையை மறித்து நிலத்தோடு சேர்த்துக்கொள்வதும் எல்லைக்கல்லை நகர்த்துவதே. மேலே ஒருவர் மறித்தால் கீழே ஓர் ஊரே காய்ந்துவிடுகிறது.

எடை: பருத்தியும் மல்லியும் உளுந்தும் கமிஷன் கடைக்கு வரும்போது, மழை பொய்த்தும் மிஞ்சிய விளைச்சல் அது. அங்கே கள்ளத் தராசு வைப்பது ஆண்டவருக்கு அருவருப்பானது (நீமொ 11:1).

வீடு: வெளியே கோவில் கமிட்டியில் மதிப்புக்குரியவர், வீட்டில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவராக இருக்கக்கூடாது. மனைவியோடு வாழும் வாழ்வில் குறை இருந்தால் கணவரின் செபமே தடைபடும் என்று புனித பேதுரு எச்சரிக்கிறார் (1 பேது 3:7).

சாதி: சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே அடக்கம் செய்யப்படலாம் என்று சாதி பார்த்து முடிவு செய்தால், நாம் கொரிந்தியரின் தவற்றையே செய்கிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களின் முன்னேற்றத்துக்கான கொள்கை ஏடு, இந்தப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், பிறப்பால் தமக்குக் கிடைத்த உயர்வை ஒதுக்கிவிட்டு எல்லாரோடும் சமமாகப் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார். பீடத்தில் அவருடைய சுரூபம் வைக்கும் நமது உள்ளத்திலிருந்தும் அது நீங்க வேண்டும்.

திருச்சபையின் போதனை

திருவழிபாடு திருச்சபையின் எல்லாச் செயல்களின் உச்சமும் ஊற்றும் ஆகும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது (திருவழிபாடு 10). அதே சங்கம் 1965-இல், விசுவாச அறிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவை நமது காலத்தின் மிகக் கடுமையான தவறுகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது (இன்றைய உலகில் திருச்சபை 43). இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம், கோவிலில் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அதே கிறிஸ்துவைக் கடந்து போகாதீர்கள் என்று மத்தேயு நற்செய்தி மறையுரையில் கேட்டுக்கொண்டார். நெசவாளர் வாழும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

கியூபாத் தீவில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குரு, அடிமைகளைப் போல் நடத்தப்பட்ட பூர்வகுடி மக்களின் உழைப்பில் வாழ்ந்துவந்தார். 1514-இல் மறையுரைக்காகச் சீராக்கின் ஞான நூலின் 34-ஆம் அதிகாரத்தைப் படித்தார். ஏழைகளிடமிருந்து பறித்ததைப் பலியாக்குவது, தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்று அங்கே கூறப்பட்டுள்ளது. அவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களை விடுவித்தார். வாழ்நாள் முழுவதும் அம்மக்களுக்காகவே வாதாடினார். பூசை வைக்கும் குருவுக்கே மனமாற்றம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

குருக்களாகிய நாமும் இங்கே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பங்கில் பணியாற்றும் கோவில்பிள்ளைக்கும், சமையல் செய்பவருக்கும், நமது பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கும் நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1286 கட்டளையிடுகிறது. "சாமிக்குச் செய்யும் தொண்டு" என்று சொல்லி அதைக் குறைப்பது நமக்கும் தகாது.

சரிசெய்வது எப்படி?

ஒப்புரவு அருளடையாளத்தில் பாவமன்னிப்புப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் விளைத்த சேதத்தை நம்மால் இயன்றவரை நாமே ஈடுசெய்ய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது (எண் 1459). திருடியதைத் திருப்பித் தருவது, கெடுத்த பெயரை மீட்டுத் தருவது, காயத்துக்கு ஈடு தருவது ஆகியவற்றை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இதற்குச் சில வழிகள்:

1. யாருக்கு, எவ்வளவு என்று தெளிவாகக் கணக்கிடுவோம். பொதுவாக வருந்துவது போதாது. சக்கேயு கணக்குச் சொல்லியே பேசினார் (லூக் 19:8).

2. அந்த மனிதரிடமே போவோம். தொழிலாளிக்குத் தர வேண்டிய ஐயாயிரம் ரூபாய்க்குப் பதிலாகக் கோவிலுக்கு ஐயாயிரம் ரூபாயில் குத்துவிளக்கு வாங்கித் தந்தால் கடன் தீராது.

3. ஒரே நேரத்தில் தர முடியாவிட்டால், தவணை சொல்லி, சொன்ன நாளில் கொடுப்போம்.

4. அவர் இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் கொடுப்போம். யாரையும் கண்டுபிடிக்க முடியாதபோது மட்டும் ஏழைகளுக்குக் கொடுப்போம்.

5. ஒருவரைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால், யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே உண்மையைச் சொல்வோம்.

6. நாம் போயும் அவர் மன்னிக்க மறுத்தால் மனம் தளர வேண்டாம். செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு, அவருக்காகச் செபிப்போம்.

இவற்றையெல்லாம் முடித்த பிறகுதான் கோவிலுக்கு வர வேண்டும் என்று எவரும் தயங்க வேண்டாம். வந்து ஆண்டவரிடம் வலிமை கேட்போம். ஆனால் வந்த இடத்திலேயே நினைவுக்கு வருகிற ஒரு முகத்தை மறக்க முயலாமல் இருப்போம். காணிக்கைப் பாடல் ஒலிக்கும்போது நினைவில் எழும் அந்த முகம் பராக்கு அல்ல. ஆண்டவரே அதை நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று ஏற்றுக்கொள்வோம்.

சிந்தனைக்கு

இந்த வாரம் நான் கூலி பாக்கி வைத்திருப்பவர் யார்? என்னால் மனம் நொந்து, என்னைக் கண்டதும் வேறு பாதையில் போகிறவர் யார்? எங்கள் பங்கில் எந்தத் தெருவைச் சப்பரம் தவிர்க்கிறது? என் வீட்டில் இருப்பவர்கள் என் செபத்தை நம்புகிறார்களா?

செபிப்போம்: நீதியின் இறைவா, எங்கள் வறண்ட நிலத்துக்கு மழை தாரும். எங்கள் வறண்ட உள்ளத்துக்கு நேர்மை தாரும். நாங்கள் திருப்பித் தர வேண்டியதைத் தருவதற்குத் துணிவையும், கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்பதற்குத் தாழ்ச்சியையும் அருளும். புனித அருளானந்தரே, புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.